நேற்று என்ன சாப்பிட்டீர்கள்

இந்தக் கேள்வியைப் போகிறபோக்கில் கேட்க வேண்டும்.
பேனாவை உடனே எடுக்கக் கூடாது.
"அவ்வளவுதானா?" கூடாது,
"வேறு ஏதாவது?" கேட்கலாம்.
முகத்தில் புருவம் என்று ஒன்று இருப்பதையே
மறந்துவிட வேண்டும்.
முதல் பருவத்தில் இதற்கு ஐந்து மதிப்பெண்.
எனக்கு நாலரை.
புருவத்தில் போனது அரை.

டுலூத்தில் ஜனவரி.
துறைமுகம் உறைந்துபோய் மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே
கழுவாத தட்டாகக் கிடக்கிறது.
சம்பளமில்லாமல் ஆயிரம் மணி நேரம் பயிற்சி,
அறுநூற்றுப் பன்னிரண்டு முடிந்தது.

காலையில் எச்சில் தட்டுகளை எண்ணுவேன்.
நான்காம் மாடி, ஏழாம் அறை:
ஆப்பிள் கூழ் பாதி, ரொட்டி கால்,
பாலைத் தொடவில்லை.
அடுத்தவர் மிச்சம் வைத்ததைக் கலோரியாக்குவது
கைக்குப் பழகிவிட்டது.
மூடியைத் தூக்கியதும் ஆறிய வான்கோழி வாசம்,
என் வயிறு ஒரு சத்தம் போடும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

விளக்க அறையில் எல்லாம் ரப்பர்.
ரப்பர் கோழித்துண்டு, அரைக் கோப்பை ரப்பர் பட்டாணி,
எந்தக் குழந்தையோ கடித்துப் பார்த்த ரப்பர் கேரட்.
மேசையில் பரப்பிவைத்து
வெர்னா கோஸ்கிக்குச் சொன்னேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஐம்பத்திரண்டு வயது,
இதயம் தளர்ந்து, கணுக்கால் வீங்கி,
பூட்ஸின் ஜிப்பை மூடமுடியாமல் வந்திருந்தாள்.
நாளொன்றுக்கு இரண்டு கிராம் சோடியம், அதற்குமேல் வேண்டாம்.
புதுக் காய்கறியாக வாங்குங்கள்.
டப்பாவில் அடைத்ததைத் தொடாதீர்கள்.
கேரட்டில் இருந்த பல்தடத்தைத் தடவிக்கொண்டே
"சரி" என்றாள்.
"நோயாளி புரிந்துகொண்டார்" என்று தட்டச்சினேன்.
மேற்பார்வையாளர் சோல்வெய்க் ஒப்பமிட்டார்.

வியாழன் மாலை
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
இலவச உணவு தரும் நாள்.
எனக்கு முன்னால் ஒரு மஞ்சள் மேலங்கி,
முதுகில் பள்ளி மாவட்டத்தின் பெயர்.
திரும்பாதே, திரும்பாதே.
திரும்பினாள்.

அடையாள அட்டையைக் கழற்றியிருந்தேன்.
முகத்தைக் கழற்ற வழியில்லை.

அவள் கூடையில் பீன்ஸ் டப்பா மூன்று,
சோளம் ஒன்று, தக்காளி சூப் இரண்டு.
முட்டைக்கோஸ் ஒன்றே ஒன்று இருந்ததாம்,
கதவு திறந்த ஐந்தாம் நிமிடத்தில் போய்விட்டதாம்.
என் கூடையில் நான்கு பாக்கெட் நூடுல்ஸ்.
ஒவ்வொன்றிலும் ஆயிரத்து ஐந்நூறு மில்லிகிராம்,
அச்சடித்ததைப் பார்க்காமலே சொல்வேன்.

பேனா இல்லாமல்,
புருவம் ஒரு மயிரிழையும் உயராமல் கேட்டாள்:
"நேற்று என்ன சாப்பிட்டாய்?"
ஐந்துக்கு ஐந்து.

உப்பு பிஸ்கட், என்றேன்.
"வேறு ஏதாவது?"
காபி.
"வேறு?"
ஏழாம் அறையில் தொடாத பால்.

வரிசை இரண்டடி நகர்ந்தது.
இரண்டடி நகர்ந்தோம்.

டப்பா பீன்ஸை நீர் வடித்து,
குழாயடியில் இரண்டு முறை அலசினால்
உப்பில் நாற்பது சதவீதம் சாக்கடைக்குப் போய்விடும்
என்றேன், தரையைப் பார்த்து.
"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.
சொல்லியிருக்கலாம்.
தெரிந்துதான் இருந்தது.
அவள் எங்கே வாங்குவாள் என்றுதான்
கேட்கத் தோன்றவில்லை.
சூப் இரண்டையும் திருப்பி வைத்தாள்,
கொஞ்சம் யோசித்து
ஒன்றை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கோப்பைத் திறந்தேன்.
எழுதிய குறிப்பை அழிக்க முடியாது,
அடியில் சேர்க்க மட்டும் முடியும்.
சேர்த்தேன்:
டப்பா பீன்ஸ் சாப்பிடலாம். அலசவும்.
வீட்டில் வடிகட்டி இல்லை,
மூடியைப் பாதி திறந்து வடிப்பார்.
சூப் வாரத்துக்கு ஒன்று, அதைக் கெடுக்க வேண்டாம்.

ஆலோசனை நடந்த இடம் எது என்றது கணினி.
வெறுமையாக விட்டேன், சேமிக்க மறுத்தது.
விளக்க அறை என்று பொய் எழுத விரல் போனது.
பிறகு
"வரிசையில்" என்று எழுதினேன்.
சேமித்துக்கொண்டது.